அப்பாவின் தயக்கம் இரைச்சல் இல்லை

நண்பர் ஒருவர் நேற்று போட்ட பதிவுக்கு விழுந்த லைக்குகளைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "டாக்டரை விட ஏஐ நன்றாக விசாரிக்கிறது, நிரூபணம் ஆகிவிட்டது" என்கிறார். நோயாளியோடு பேசி நோயைக் கணிக்கும் கூகுளின் ஏஐ, ஏமி (AMIE). அதைப் பற்றிய ஆய்வை வைத்துத்தானே சொல்கிறார்? 2024 ஜனவரியில் வந்தபோதே படித்தேன். ஒரு பக்கம் 20 டாக்டர்கள், மறுபக்கம் ஏமி, விசாரிக்க 149 நோய்க்கதைகள். நிபுணர்கள் பார்த்த 32 அளவுகோல்களில் 28இல் ஏமிக்குத்தான் கூடுதல் மதிப்பெண். சரி, நோயாளிகள் யார்? நடிகர்கள். பேசியது? டைப் அடித்து.

ஏமிக்குப் பயிற்சி கொடுத்த விதத்தையும் பாருங்கள். ஒரே மாடல் டாக்டராகவும் நோயாளியாகவும் பேசிக்கொள்கிறது, குறை சொல்லித் திருத்துவதும் அதுவே. உண்மை உரையாடல்களையும் சேர்த்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவை மட்டும் போதாது என்பதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, நிஜப் பேச்சில் இரைச்சல் அதிகமாம். கொச்சை, கிண்டல், குறுக்கே பேசுவது, இலக்கணம் தப்பிய வாக்கியம் எல்லாம் அந்தக் கணக்கில் வருகிறது.

என் அப்பா அப்படித்தான் பேசுவார். பிரஷர் இறங்கவே இல்லை என்று கூட்டிப்போனேன். "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்றார் டாக்டர். அப்பா ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, "போடறேன் சார்" என்றார். டாக்டர் அந்தப் பார்வையைக் கவனித்திருக்கிறார். "ஈசிஜி ரிப்போர்ட் வந்துடுச்சான்னு பாத்துட்டு வாங்கம்மா" என்று என்னை வெளியே அனுப்பினார். திரும்பி வருவதற்குள் விஷயம் வந்துவிட்டது. நீர் மாத்திரை போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வருகிறது, கடைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் அடக்க முடியவில்லை, அதனால் நிறுத்திவிட்டார். மகள் முன்னால் சொல்லக் கூச்சம்.

இதில் எது இரைச்சல்? அந்தத் தயக்கம்தானே விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது! கூட வந்த ஆள் ஒருவர் அறையில் இருப்பதே அந்தச் சோதனையில் கிடையாது. நம் ஊரில் யார் தனியாக டாக்டரிடம் போகிறார்கள்?

"மருத்துவ மாணவர்களும் நோயாளியாக நடிப்பவர்களிடம்தானே பயிற்சி எடுக்கிறார்கள்" என்பீர்கள். ஆமாம், 1963இல் ஹோவர்ட் பாரோஸ் அமெரிக்காவில் தொடங்கிய முறை அது. அப்புறம் அந்த மாணவர்கள் வார்டில் வருஷக்கணக்கில் நிஜ மனிதர்களிடம் நிற்கிறார்கள். நடிகரோடு படிப்பு முடிந்துவிடுவதில்லை. அந்தரங்கம் பற்றிக் கேட்பவர்களுக்கும் சொல்கிறேன், நிஜ உரையாடல்களை ஒப்புதல் வாங்கி, பெயர் நீக்கிச் சேகரிக்கலாம். செலவாகும், அவ்வளவுதான்.

"டாக்டரே இல்லாத ஊருக்கு இதாவது கிடைக்கட்டும்" என்பதுதான் எனக்கு அதிகம் வலித்த கமெண்ட். வசதி உள்ளவருக்கு முகம் பார்த்துப் பேசும் டாக்டர், இல்லாதவருக்கு நடிகர்களிடம் பாஸான மெஷினா? ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இன்னொரு டாக்டர் கேட்டு யாராவது இவ்வளவு உற்சாகமாகப் பதிவு போட்டீர்களா?

நான் ஏஐக்கு எதிரி இல்லை. அந்த ஆய்வை எழுதியவர்களே முடிவுகளை எச்சரிக்கையோடு பார்க்கச் சொல்கிறார்கள், கொண்டாடுகிறவர்கள்தான் அதைப் படிக்கவில்லை. அடுத்த சோதனையில் நோயாளிக்குப் பக்கத்தில் ஒரு மகளை உட்கார வையுங்கள். நோயாளி "போடறேன் சார்" என்று பொய் சொல்லட்டும். அப்போது யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று பதிவு போடுங்கள், நானும் வந்து படிக்கிறேன்.