ஜோர்டான் பள்ளி அணியிலிருந்து நீக்கப்பட்டாரா?

ஓர் இளம் கூடைப்பந்து வீரர் தேறுவாரா என்று ரசிகர்கள் வாதிடும்போதெல்லாம், ‘மைக்கேல் ஜோர்டானையே பள்ளி அணியிலிருந்து தூக்கியெறிந்தார்கள்’ என்ற பேச்சு தவறாமல் வந்துவிடுகிறது. அது உண்மையன்று.

1978இல் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரிலுள்ள லேனி உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவராக இருந்த ஜோர்டானுக்கு முதன்மை அணியில் இடம் கிடைக்கவில்லை என்பது மட்டுமே சரி. இளநிலை அணியின் பட்டியலில் அவர் பெயர் இருந்தது, அந்த அணிக்காக ஓர் ஆட்டத்திலேயே 40 புள்ளிகள் எடுக்கும் அளவுக்கு ஆடவும் செய்தார். அந்த வயதினரை இளநிலை அணியில் ஆடவைத்துப் பழக்குவது அமெரிக்கப் பள்ளிகளின் வழக்கம். அதே வகுப்பிலிருந்து முதன்மை அணிக்குச் சென்றவர் லிராய் ஸ்மித். அப்போது ஜோர்டானின் உயரம் ஏறத்தாழ 5 அடி 10 அங்குலம். ஸ்மித்தோ 6 அடி 7 அங்குலம். வளையத்தடியில் பந்தைப் பிடிக்க உயரமான ஆள் தேவைப்பட்ட அணிக்கு, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் இன்னொரு குட்டையான ஆட்டக்காரர் அவசரத் தேவையாக இருக்கவில்லை.

கதை ஊதிப் பெருத்ததில் ஜோர்டானுக்கும் பங்குண்டு: 2009இல் கூடைப்பந்துச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது ஆற்றிய ஏற்புரையில்கூட, தான் நீக்கப்பட்டபோது அணியில் இடம்பிடித்தவர் என்று ஸ்மித்தை அவர் மறக்காமல் குறிப்பிட்டார்.