இலங்கை வானொலி கேட்ட கரைக்கு ஒரு காப்பகம் வேண்டும்

பாம்பன், மண்டபம், கீழக்கரை பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் இலங்கை வானொலியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த மத்திய அலை அப்போது இங்கே கணீரென்று எடுத்தது. ரேடியோ பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த கேசட்டுகள் இன்னும் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. சொந்தக்காரர் வீட்டில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். சுருள் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. அப்படியே போட்டு ஓட்டினால் ஹெட்டும் பாழ், நாடாவும் பாழ். உப்புக்காற்று இதற்கெல்லாம் தவணை கொடுக்காது.

நம் மாவட்டக் கல்லூரிகள் பெரும்பாலும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. இந்தக் கரையின் ஊடக வரலாற்றுக்கு அங்கே ஒரு டிஜிட்டல் காப்பகம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் பழைய சினிமா, வானொலிப் பத்திரிகைகளை லட்சக்கணக்கான பக்கங்கள் ஸ்கேன் செய்து, ஒரு பெயரைத் தட்டினால் அது வந்த பக்கமே திறக்கும்படி இலவசமாக வைத்திருக்கிறது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில், விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா செட்டியார் தன் கைக்காசில் நூல்களையும் இதழ்களையும் துண்டு நோட்டீஸ்களையும் சேர்த்தார். அவர் இறந்தபின் 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, நல்லவேளையாகச் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. நம் பக்கத்தில் சேர்ந்த செல்வத்தின் அருமை நம் பல்கலைக்கழகங்களுக்கு முன்னால் சிகாகோவுக்குத் தெரிந்தது. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் படங்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுபவற்றைப் பாருங்கள். யார் எடுத்தது, எந்த இடம், புயலுக்கு முன்னா பின்னா, ஒரு விவரமும் கிடையாது. இதைச் சொல்லக்கூடிய ஆட்கள் ராமேஸ்வரத்திலும் தங்கச்சிமடத்திலும் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் வயதாகிவிட்டது. மாணவர்கள் படத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போக வேண்டும். "இது எந்த இடம் தாத்தா?" என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் குரலிலேயே பதிந்து படத்தோடு சேர்க்க வேண்டும். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ப்ராஜெக்டைவிட இது ஆயிரம் மடங்கு உருப்படியான படிப்பு.

உரிமைச் சிக்கல் என்று ஒதுங்கவும் வேண்டாம். ஒலிப்பதிவுக்கு இங்கே 60 ஆண்டுக் காப்புரிமை, அதுவரை நாடா தாங்காது. முதலில் காப்பாற்றுங்கள். இணையத்தில் திறப்பதைச் சட்டம் தெரிந்தவர்களோடு பேசிப் பிறகு முடிவு செய்யலாம். அதுவரை நூலகத்துக்குள் உட்கார்ந்து கேட்கட்டும். பாம்பன் 'கடல் ஓசை' சமுதாய வானொலியில் மீனவர்கள் பேசும் பேச்சையும் இப்போதிருந்தே தேதி போட்டுச் சேர்க்கத் தொடங்கலாம்.

பல்கலைக்கழகத்தில் இருக்கும் நண்பர்கள் இதைத் துறைக் கூட்டத்தில் எடுத்துப் பேசுங்கள். பரணில் கேசட்டோ, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும் பாட்டுப் புத்தகமோ வைத்திருப்பவர்கள், தயவுசெய்து பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.