வீணைப் பெட்டிக்கு இதுவா சக்கரம்?

மறுபடியும் கழன்றுவிட்டது! பெட்டி வாங்கி 8 மாதம்கூட ஆகவில்லை, இது மூன்றாவது தடவை.

நேற்று மயிலாப்பூரில் வாசிப்பு. ஆட்டோ தெரு முனையிலேயே நின்றுவிட்டது. மண்டபம் நூறு அடி தூரம்தான். வழியில் ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தது, கட்டைவிரல் அகலம்கூட இருக்காது. சக்கரம் அதில் முட்டி நின்றது. இழுத்தேன், வரவில்லை. பின்னால் தள்ளி மறுபடி இழுத்தேன், வரவில்லை. ஒருக்களித்து இழுத்தேன். டக்கென்று ரிவெட் பிய்ந்து, சக்கரம் உருண்டோடிச் சாக்கடை ஓரம் விழுந்தது. பெட்டி தொம்மென்று சாய்ந்தது. உள்ளே ஏகாந்த வீணை! ஒரே பலாமரத்தில் குடைந்தது. பட்டுப்புடவையோடு நடுத்தெருவில் உட்கார்ந்து, வீணையின் ஒரு முனையில் உருண்டையாக இருக்கும் குடத்தில் விரிசல் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தேன். குடம் தப்பித்தது. தார ஸ்தாயியில், அதாவது உச்ச சுரங்கள் பக்கம், விரல் வைத்துச் சுரம் பிடிக்கும் உலோக மெட்டுகளில் இரண்டு மெழுகை விட்டு ஆடியது. 24 மெட்டும் மெழுகில்தானே நிற்கிறது, இந்தக் குலுக்கலை எத்தனை நாள் தாங்கும்?

2 அங்குலப் பிளாஸ்டிக் சக்கரத்துக்கு ஆரமே 1 அங்குலம். அந்த உயரத்துக்கு ஒரு கல் இருந்தால், தரையோடு தரையாக எவ்வளவு இழுத்தாலும் ஏறாது. நம் தெருவில் கல் இல்லாத இடம் எது? இன்னொரு கொடுமை, கனமெல்லாம் குடத்தில் இருக்க, சக்கரத்தை யாளி முகம் இருக்கும் மறுமுனையில் வைத்திருக்கிறார்கள். மொத்த பாரமும் என் தோள்பட்டையில். கடையில் கேட்டால் "மெதுவா இழுங்கம்மா" என்கிறார்கள். பெட்டி செய்கிறவர் ஒரு நாளாவது வீணையை உள்ளே வைத்து இழுத்துப் பார்த்திருப்பாரா?

இன்று காலை பட்டறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். குடத்துப் பக்கம் பேரிங் வைத்த 4 அங்குல ரப்பர் சக்கரம். ரிவெட்டே வேண்டாம் என்றேன். உள்பக்கம் ப்ளைவுட் பலகை கொடுத்து, அகலமான வாஷரும் தானாகத் தளராத நைலாக் நட்டும் போட்டு போல்ட் முடுக்கினார்கள். போல்ட் முனை வீணையில் படாமல் மேலே கனமான ஃபெல்ட். கைப்பிடி யாளிப் பக்கம் போய்விட்டது. வாசலில் இழுத்துப் பார்த்தேன், கல்லின் மேல் ஏறி இறங்குகிறது, சத்தமே இல்லை. பெட்டி விற்கும்போதே இதைச் செய்து தர என்ன கேடு?

அப்புறம் அந்த ஆட்டோக்காரர். பெட்டிக்குத் தனியாக 50 ரூபாய் வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் அது என் மடியில்தான் இருந்தது!