கவசம் பல்லைக் காக்கும். பல் கடிப்பதை நிறுத்தாது

உறக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் நைட் கார்டு (இரவில் பற்களின் மேல் மாட்டிக்கொள்ளும் கவசம்) அணிந்தால் அப்பழக்கமே நின்றுவிடும் என்று, அதைப் பற்றி வெளியான ஒரு கட்டுரை கூறுவதை ஏற்க இயலவில்லை. அக்ரிலிக் கவசம் மேல், கீழ்ப் பற்களுக்கிடையில் இருந்துகொண்டு தேய்மானத்தைத் தான் ஏற்கிறதே தவிர, தாடைத் தசைகள் இறுகுவதை நிலையாகத் தடுப்பதில்லை. நாளடைவில் அதன் மேற்பரப்பில் விழும் கீறல்களும் பள்ளங்களுமே அதற்குச் சான்று. ஆயினும், பல்லின் கடினமான மேலடுக்கான எனாமல் தேய்ந்தால் மீண்டும் வளராது என்பதால், அந்தப் பாதுகாப்பே பெரிய பயன்தான்.

வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பதிக்கும் கடைக் கவசங்களைப் பற்றிக் கட்டுரை எச்சரித்திருக்கலாம். அவற்றின் மென்மை காரணமாகச் சிலர் உறக்கத்திலேயே அவற்றை மெல்லத் தொடங்குகிறார்கள். முன்பற்களை மட்டும் மூடும் வகையை மருத்துவரின் மேற்பார்வையின்றி நெடுங்காலம் அணிந்தால், மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதமே மாறக்கூடும். பல் மருத்துவர் அளவெடுத்து, வரிசை முழுவதையும் மூடுமாறு செய்து தரும் கடினமான கவசமே, என் பார்வையில், செலவுக்குத் தகுந்தது. (அதை வெந்நீரில் கழுவினால் வடிவம் கெடும்.)

பல் கடிப்பதற்கான காரணங்களைப் பேசும்போது கட்டுரை மன அழுத்தத்தோடு நின்றுவிடுகிறது. மது, புகை, மனச்சோர்வுக்கான சில மருந்துகள் ஆகியவையும் இதைத் தூண்டலாம். உரத்த குறட்டையும் பகல்நேரத் தூக்கக் கலக்கமும் உள்ளவர்கள், உறக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறதா என்று முதலில் பரிசோதித்துக்கொள்வது நல்லது. மேல்தாடைக் கவசம் சிலருக்கு அத்தடையை அதிகப்படுத்தலாம். குழந்தை பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று நம் வீடுகளில் உடனே மருந்து கொடுப்பதும் தேவையற்றது. பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர அது தானாகவே நின்றுவிடும்.