அப்ளிகேஷன் எந்த வெப்சைட்டில் போடுவது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், "எதுல அப்ளை பண்றது?" என்று சொந்தக்காரர்கள் போன் போட ஆரம்பித்துவிடுவார்கள். தமிழ்நாடு அரசின் சேர்க்கைத் தளங்கள் இரண்டு: இன்ஜினியரிங்குக்கு டிஎன்இஏ, அரசு கலை, அறிவியல் கல்லூரிக்கு டிஎன்ஜிஏஎஸ்ஏ. பிள்ளை இன்னும் முடிவு பண்ணவில்லையா? இரண்டிலும் போட்டு வையுங்கள். முன்னதற்குக் கட்டணம் 500 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 250. பின்னதற்கு வெறும் 50.

இரண்டையும் ஒரே மாதிரி நினைத்து நிரப்புவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

டிஎன்இஏவில் மாநிலம் முழுக்க ஒரே தரவரிசை. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று மொத்தம் 200க்குக் கணக்கிடும் மதிப்பெண்தான் கட்ஆஃப். அதை வைத்துத்தான் தரவரிசை. உங்கள் முறை வரும்போது, நீங்கள் விருப்ப வரிசையில் கொடுத்த கல்லூரிப் பட்டியலை, அதாவது சாய்ஸ் லிஸ்ட்டை, மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, முதலில் காலியாக இருக்கும் இடத்தைக் கம்ப்யூட்டர் ஒதுக்கிவிடும். சென்னை கிண்டி இன்ஜினியரிங் கல்லூரி கிடைக்காது என்று தெரிந்தாலும் ஆசை இருந்தால் முதலில் போடலாம், நஷ்டமே இல்லை. "கிடைக்கிறத மேல போடுப்பா" என்று சொல்லும் மாமா ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அவர் பேச்சைக் கேட்டால் அந்தக் கல்லூரிதான் கிடைக்கும். அதற்குக் கீழே போட்ட நல்ல கல்லூரியில் இடம் இருந்தாலும் கம்ப்யூட்டர் எட்டிக்கூடப் பார்க்காது.

டிஎன்ஜிஏஎஸ்ஏவில் விண்ணப்பம் மட்டும்தான் பொது. தரவரிசையும் கவுன்சலிங்கும் அந்தந்தக் கல்லூரியில். சான்றிதழ்களோடு நேரில் போய் நிற்க வேண்டும். கரூரிலும் நாகர்கோவிலிலும் ஒரே நாளில் கூப்பிட்டால் எங்கே போவீர்கள்? பஸ்ஸில் போய்வர முடிகிற கல்லூரிகளாகப் பார்த்துப் போடுங்கள். லயோலா, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவை இதில் வராது, அவரவர் தளத்தில் தனியாகப் போட வேண்டும்.

அப்புறம் மூன்றாவது ரகம். "ஒரே ஃபார்ம், எல்லாக் கல்லூரியும், ஃப்ரீ!" என்று விளம்பரம் வரும் தனியார் தளங்கள். சும்மா பார்க்கலாமே என்று எங்கள் வீட்டில் ஒன்றில் நம்பரைக் கொடுத்தோம். மறுநாள் காலையிலிருந்து பெயரே கேள்விப்படாத கல்லூரிகளிலிருந்து அழைப்பு. "இன்னைக்கே அட்வான்ஸ் கட்டிடுங்க மேடம், சீட் போயிடும்." ஃப்ரீ என்றால் காசு வேறு எங்கிருந்தோ வருகிறது என்றுதானே அர்த்தம்? என்னைக் கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ப்ரௌசிங் சென்டரில் அப்ளை செய்தால் கடைக்காரர் அவசரத்தில் தன் மொபைல் நம்பரையே போட்டுவிடுவதுண்டு. பிறகு ஓடிபிக்கு அவர் கடை திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். "சாய்ஸ் ஃபில்லிங் நாங்களே பண்ணித் தர்றோம், பாஸ்வேர்டு மட்டும் கொடுங்க" என்று யாராவது வந்தால், கமிஷன் தரும் கல்லூரி எதுவோ அதுதான் உங்கள் முதல் சாய்ஸாக இருக்கும். கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கு டிஎன்இஏ உதவி மையங்கள் இருக்கின்றன, அங்கே போங்கள். நம்பர் அம்மாவுடையதோ அப்பாவுடையதோ இருக்கட்டும். கவுன்சலிங் முடியும்வரை அந்த சிம்முக்கு ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.