நோர்வே ஒரு தடவை உலகக்கிண்ணம் வென்றிருக்கிறது

சனிக்கிழமை இங்கே நோர்வேயில் எங்கள் தமிழ் ஒன்றுகூடலின் வினாடி வினாவில் நடந்ததைப் பற்றி எழுதாமல் விடலாம் என்று இரண்டு நாள் இருந்து பார்த்தேன். முடியவில்லை. வட்ஸ்அப் குழுக்களில் அந்த வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது, கீழே சிரிப்புப் படங்களும் குவிந்திருக்கின்றன, அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் சொல்கிறேன். "நோர்வே எத்தனை தடவை உதைபந்தாட்ட உலகக்கிண்ணத்தை வென்றுள்ளது?"

பதினொரு வயதுப் பிள்ளை எழும்பி நின்று "ஒரு தடவை, 1995" என்று சொன்னாள். நடத்தியவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். "பிழை. ஒரு தடவையும் இல்லை" என்றார். பிள்ளை விடவில்லை, "ஹேகே ரீசே..." என்று தொடங்கினாள். "அது பொம்பிளையளின்ர விளையாட்டு, பிள்ளை. இரும்" என்று மைக்கில் சொன்னார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் என் நெருங்கிய நண்பர்களும் இருந்தார்கள்.

கேள்வியில் ஆண்கள் என்ற சொல் இல்லை. வேண்டுமானால் வீடியோவைத் திரும்பப் போட்டுக் கேளுங்கள், ஒரு இடத்திலும் இல்லை. நோர்வே என்றுதான் இருந்தது. நோர்வே 1995 ஜூன் 18ஆம் திகதி சுவீடனின் ரோசுண்டா மைதானத்தில் ஜெர்மனியை 2-0 என்று வென்று உலகக்கிண்ணத்தைத் தூக்கியது. முதல் கோலை 37ஆம் நிமிடத்தில் அடித்தவர் ஹேகே ரீசே. மூன்று நிமிடம் கழித்து மரியான் பெட்டர்சன் இரண்டாவதை அடித்தார். அந்தத் தொடரின் சிறந்த வீராங்கனைக்கான தங்கப் பந்து ரீசேக்குத்தான் போனது. ஆறு ஆட்டங்களில் நோர்வே 23 கோல் அடித்து, ஒரே ஒரு கோல்தான் வாங்கியது. அரையிறுதியில் தோற்கடித்தது அப்போதைய உலகச் சம்பியன் அமெரிக்காவை. இப்படி வென்ற ஒரு கிண்ணத்தை "ஒரு தடவையும் இல்லை" என்று யாரால் சொல்ல முடியும்?

ஆண்கள் அணி 28 வருடங்களுக்குப் பிறகு 2026 உலகக்கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது, சான் சீரோவில் இத்தாலியை 4-1 என்று அடித்த இரவு நானும் கத்தினேன், எனக்கும் அந்த அணியில் கோல் அடிக்கிற எர்லிங் ஹாலண்டைப் பிடிக்கும். 1998இல் பிரேசிலை 2-1 என்று வென்றதை இன்றைக்கும் எங்கள் ஆட்கள் நேற்று நடந்த மாதிரிக் கதைப்பார்கள், கதைக்கட்டும், நல்ல ஆட்டம். ஆனால் 2026க்கு முதல் ஆண்கள் அணி 1938, 1994, 1998 என்று மூன்று தடவை போய், கடைசிப் பதினாறைத் தாண்டியதில்லை. பெண்கள் கிண்ணத்தையே கொண்டுவந்தார்கள். முதலாவதை மனப்பாடமாகச் சொல்கிற ஆட்களுக்கு இரண்டாவது ஏன் சிரிப்பாக இருக்கிறது?

எனக்கு இது எங்கோ கேட்ட தகவல் இல்லை. 95இல் நான் ஃபின்மார்க்கில், போட்ஸ்ஃபியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் வேலை. நோர்வேக்கு வந்து நாலு வருடம், பேச்சு அரைகுறை. அந்த நாளில் எங்கள் பெடியன்கள் பலருக்கும் வடக்கில் மீன் வெட்டுகிற வேலைதானே. பக்கத்து மேசையில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு நோர்வேப் பெண் வேலை செய்தார். வேலை நேரத்தில் வாய் திறக்க மாட்டார், கத்தி மட்டும்தான் ஓடும். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆறு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டார், ஆட்டம் பார்க்க. இடம் போதாமல் கீழே இருந்தோம். வாஃபல், பழுப்புச் சீஸ், கோப்பி. வெளியில் அந்த நேரத்து வெயில் மத்தியானம் போல அடித்தது.

ரீசே பந்தை எடுத்துக்கொண்டு ஜெர்மன்காரர் நடுவால் போய் அடித்தார். அந்த அக்கா மேசையில் ஓங்கி ஒரு அடி. கோப்பி கவிழ்ந்து வெள்ளைத் துணியில் பரவியது. அவ்வளவு சுத்தம் பார்க்கிற மனுசி, துடைக்கவே இல்லை. விரலில் கத்தி பட்ட பிளாஸ்டரோடு அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். ஆட்டம் முடிந்ததும் எங்களைப் பார்த்து "நாங்கள் உலகச் சம்பியன்" என்றார். நாங்கள் என்றார். இந்த நாட்டில் யாரும் அந்தச் சொல்லுக்குள் என்னைச் சேர்த்தது அதுதான் முதல் தடவை. இதை என்னால் மறக்க முடியாது. சனிக்கிழமை மண்டபம் சிரித்தபோது அந்த வீட்டையே பார்த்துச் சிரித்த மாதிரி எனக்கு இருந்தது.

இனி வரப்போகிற கருத்துகள் எனக்குத் தெரியும், சில வந்தும் விட்டன. "அண்ணை, அந்த நேரம் பன்னிரண்டு அணிதானே, போட்டியே இல்லையே." சரி, பன்னிரண்டுதான். 1930இல் உருகுவே வென்றபோது பதின்மூன்று அணி, அதில் ஐரோப்பாவிலிருந்து நாலே நாலு. உருகுவேயின் கிண்ணத்தை யாராவது கணக்கில் இருந்து வெட்டினீர்களா? எந்த வினாடி வினாவிலாவது உருகுவே என்றால் பிழை என்று சொன்னீர்களா?

"பெண்கள் ஆட்டத்தை யார் பார்க்கிறார்கள்?" 1991இல் சீனாவில் நடந்த முதல் இறுதியாட்டத்தை அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள் மைதானத்தில் இருந்து பார்த்தார்கள். அதிலும் நோர்வே ஆடியது, 2-1 என்று அமெரிக்காவிடம் தோற்றது. ரீசே அந்த அணியிலும் இருந்தார். அந்த உலகக்கிண்ணமே வந்ததற்கு 1986இல் மெக்சிகோவில் நடந்த ஃபிஃபா மாநாட்டில் எழும்பிக் கேட்ட எல்லன் வில்ல என்ற நோர்வேப் பெண் ஒரு பெரிய காரணம். ஆண்கள் நிறைந்த மண்டபத்தில் தனியாக நின்று பேசினார். மண்டபம், மைக், எழும்பி நிற்கிற ஒரு பெண். யோசித்துப் பாருங்கள்.

"ரீசே என்றால் எங்களுக்கு யோன் ஆர்னே ரீசேதான், லிவர்பூல்." நல்ல ஆட்டக்காரன், மறுக்கவில்லை, நாட்டுக்காக 110 ஆட்டம். ஹேகே ரீசே 188 ஆட்டம், 58 கோல், அதுவும் நடுக்களத்தில் நின்று. 93இல் ஐரோப்பியக் கிண்ணம், 95இல் உலகக்கிண்ணம், 2000இல் சிட்னியில் ஒலிம்பிக் தங்கம். மூன்றையும் வென்றவர்கள் அந்த அணியிலேயே மூன்று பேர்தான், மற்ற இருவரும் பெந்தே நூர்ட்பியும் குரோ எஸ்பெசெத்தும். நோர்வேயில் பெண்கள் பந்து விளையாடிப் பிழைக்க முடியாத காலம் என்பதால் உலகச் சம்பியனான பிறகு ஜப்பானுக்குப் போய் ஆடினார், பிறகு அமெரிக்காவுக்குப் போய் ஆடினார். சிட்னி இறுதியாட்டத்தில் அமெரிக்கா கடைசி நேரத்தில் 2-2 ஆக்க, மேலதிக நேரத்தில் டாக்னி மெல்கிரென் தங்கக் கோல் அடித்தார், அடித்த உடனேயே ஆட்டத்தை முடிக்கிற கோல். அந்த ஆட்டம் எத்தனை தமிழ் வீடுகளில் ஓடியது என்று கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும்.

"ரீசே நோர்வேக்குக் கோச்சாக வந்து 2023 உலகக்கிண்ணத்தில் என்ன செய்தார்?" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டார். நியூசிலாந்திடம் தோற்றது, ஜப்பானிடம் 3-1 வாங்கி வெளியே வந்தது, நட்சத்திர வீராங்கனை கிரஹாம் ஹான்சனை வெளியே உட்கார வைத்தது எல்லாம் எனக்கும் கவலைதான். அதனால் 95 நடக்கவில்லை என்று ஆகுமா? இதற்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

நோர்வேயின் ஆண்கள் அணியே 2017இல் தங்கள் விளம்பர வருமானத்தில் ஐந்தரை லட்சம் குரோனரை விட்டுக்கொடுத்து, பெண்களோடு சமமான கொடுப்பனவுக்குச் சம்மதித்தது. அவர்களுக்கு இல்லாத சிரிப்பு எங்களுக்கு எங்கேயிருந்து வருகிறது?

எங்கேயிருந்து என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலிருந்தும்தான். என் மகள் பதினாலு வயது வரை ஆடினாள், நடுக்களம்தான். பயிற்சியும் நடன வகுப்பும் ஒரே நேரத்தில் வந்தன. பொம்பிளைப் பிள்ளை, முழங்கால் எல்லாம் காயம், குளிரில் இருட்டில் வருகிறாள் என்று ஆட்கள் சொன்னார்கள். நான்தான் முடிவெடுத்தேன். அவளைக் கேட்கவில்லை. அவளுடைய சப்பாத்தை, அடியில் மண் காய்ந்தபடியே, நிலவறையில் ஒரு பையில் வைத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்வதில்லை. இப்போது இருபத்தாறு வயது. அந்தப் பிள்ளை சனிக்கிழமை எழும்பி நின்றபோது நான் கை தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை. அதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

அந்தப் பிள்ளை இருப்பது லோரென்ஸ்கூக்கில். ஹேகே ரீசே பிறந்ததும் லோரென்ஸ்கூக்கில்தான். தன் ஊர்க்காரியின் பெயரைச் சொல்லி அவள் மண்டபத்தில் சிரிப்பு வாங்கினாள்.

"சின்ன விஷயம், ஒரு வினாடி வினா, விடுங்கோ அண்ணை" என்பவர்களுக்கு: கேள்விக்குப் பத்துப் புள்ளி. அந்தப் பிள்ளையின் அணி ஐந்து புள்ளி வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தது. ஒருங்கிணைப்பாளர்களிடம் நான் கேட்பது, அந்தப் பத்துப் புள்ளியைப் போட்டு, முடிவைத் திருத்தி, அதே குழுவில் அறிவியுங்கள். நோர்வே ஒரு தடவை உலகக்கிண்ணம் வென்றிருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.

திரும்பும்போது அவளையும் தாயையும் என் காரில்தான் கொண்டுபோய் இறக்கினேன். வழி முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். இரண்டாம் பரிசாகக் கொடுத்த பேனைப் பெட்டியை எடுத்துப் போகவில்லை. மறந்துவிட்டாள் என்று தாய்க்குப் போன் எடுத்தேன். மறக்கவில்லையாம், வேண்டாமாம். பெட்டி இன்னும் பின் சீட்டில் கிடக்கிறது.