அன்பியம்: ஆறாவது படியில் நின்றுபோகும் கூட்டம்

கத்தோலிக்கப் பங்கு ஒன்றில், அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள எல்லைக்குள், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து கூடும் சிறு குழுதான் அன்பியம். பங்கின் ஆண்டறிக்கையில் "மொத்த அன்பியங்கள்" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். அவற்றில் எத்தனை அன்பியங்கள் போன மாதம் கூடி, ஒரு காரியத்தை முடிவுசெய்து, அதைச் செய்தும் முடித்தன என்ற வரி மட்டும் இருக்காது. அப்படி ஒன்றைச் சேர்த்தால் பல பங்குகளில் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது என் கணிப்பு. அன்பியப் பொறுப்பாளர்கள் கோபித்துக்கொள்ளாமல் மேலே படிக்கவும். பழி பெரும்பாலும் உங்கள்மேல் இல்லை.

அன்பியக் கூட்டத்தில் நாம் பயன்படுத்தும் ஏழு படி நற்செய்திப் பகிர்வு முறை தென்னாப்பிரிக்காவின் லும்கோ என்ற திருஅவைப் பயிற்சி நிறுவனத்தில் உருவானது. ஃபிரிட்ஸ் லோபிங்கர், ஆஸ்வால்ட் ஹிர்மர் என்ற இரு ஜெர்மானியக் குருக்கள் அங்கே அதை வளர்த்தெடுத்தார்கள். இருவரும் பின்னர் ஆயர்களானார்கள். குருக்கள் குறைவு, கிளைக் கிராமங்கள் அதிகம், குரு வராத நாட்களிலும் மக்கள் திருஅவையாக வாழ வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த முறை அது. 1990இல் பாண்டுங்கில் கூடிய ஆசிய ஆயர்கள் பங்கைச் 'சமூகங்களின் சமூகம்' என்று பார்த்த பிறகு ஆசியாவில் இதற்கு வேகம் கிடைத்தது.

படிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஆண்டவரை அழைப்பது, பகுதியை வாசிப்பது, மனதைத் தொட்ட சொற்களைத் திரும்பச் சொல்வது, மௌனம், பகிர்வு, என்ன செய்யப்போகிறோம் என்று முடிவெடுப்பது, செபம். இதில் ஆறாவது படிக்காகத்தான் மற்ற ஆறும் இருக்கின்றன என்பேன். ஆறாவதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு நல்ல செபக்கூட்டம். செபக்கூட்டத்தைக் குறை சொல்லவில்லை. அதற்குப் பங்கை எல்லை பிரித்து, பொறுப்பாளர் தேர்தல் வைத்து இவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை.

ஆறாவது படி ஏன் விடுபடுகிறது? முதல் காரணம் நேரம். 7 மணிக்கு என்று அறிவித்த கூட்டம் 7.25க்குத் தொடங்கும். செபமாலை முழுதாகச் சொல்லி, இரண்டு பாட்டு முடிந்து, வாசகம் வரும்போது 8 மணி. பிறகு நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் பகிர்வை மறையுரையாக்கிவிடுவார், அதாவது பிரசங்கம். "நமக்கு ஆண்டவர் என்ன சொல்கிறார் என்றால்..." என்று பன்மையில் ஆரம்பித்தாலே அது மறையுரைதான், பகிர்வு ஒருமையில் இருக்கும். 8.30க்கு அடுப்பு நினைவு வந்து எல்லாரும் எழுந்துவிடுவார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாமல் நடத்த முடியும். அழைப்பும் ஒரு பாட்டும் 5 நிமிடம், போன கூட்டத்தின் முடிவு என்னாயிற்று என்று கேட்க 5, இரண்டு முறை வாசிக்க 5, சொற்களைத் திரும்பச் சொல்ல 5, மௌனம் 3, பகிர்வு 20, முடிவெடுக்க 12, செபம் 5. ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் 20 நிமிடத்தில் பத்துப் பேர் பேசலாம். பேசாமல் இருப்பதற்கும் உரிமை உண்டு. மௌனம் 3 நிமிடம் என்றால் கடிகாரத்தைப் பார்த்து 3 நிமிடம். நம் ஊரில் நாற்பதாவது நொடியில் யாராவது பாட்டெடுத்துவிடுவார்கள், பொறுப்பாளர்தான் கைகாட்டி நிறுத்த வேண்டும். செபமாலையைக் கூட்டத்துக்கு அரைமணி நேரம் முன்பே வைத்துவிடலாம், வர விரும்புகிறவர்கள் வரட்டும்.

இரண்டாவது காரணம், முடிவு என்ற பெயரில் நாம் எடுப்பவை முடிவுகளே அல்ல. "நோயாளிகளைச் சந்திப்போம்", "ஒற்றுமையாக இருப்போம்" என்பவற்றைச் செய்தோமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. "நான்காவது வீட்டுப் பாட்டிக்கு வியாழன் காலை அரசு ஆஸ்பத்திரியில் கண் பரிசோதனை, துணைக்குப் போவது இன்னார், ஆட்டோவுக்குச் சொல்வது இன்னார்" என்பது முடிவு. யார், என்ன, எந்த நாளுக்குள் என்று மூன்றும் நோட்டில் ஏற வேண்டும். ஒரு கூட்டத்துக்கு ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. அடுத்த கூட்டத்தில் கேட்கும்போது "முடியவில்லை" என்று பதில் வந்தால் காரணம் விசாரிக்கக் கூடாது. வேறு ஆளுக்கு மாற்றுகிறோமா, கைவிடுகிறோமா என்பது மட்டும்தான் கேள்வி. விசாரணை ஆரம்பித்தால் அந்த ஆள் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்.

இந்த விஷயத்தில் பொதுநிலையினரின் பக்தி, சேவை இயக்கமான மரியாயின் சேனையிடம் கற்க நிறைய இருக்கிறது. 1921 செப்டம்பர் 7 அன்று டப்ளினில் ஃபிராங்க் டஃப் தொடங்கியது. நூறாண்டு தாண்டியும் ஓடுகிறது. பக்தி மட்டும் காரணமென்றால் எல்லாச் சபைகளும் ஓடியிருக்க வேண்டும். அதன் ஒழுங்கைப் பாருங்கள்: வாரந்தோறும் கூட்டம், ஒவ்வொரு உறுப்பினருக்கும் பெயர் சொல்லி ஒரு வேலை, அந்த வேலைக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம், இருவர் இருவராகப் போவது, அடுத்த வாரம் பிரசீடியம் என்ற தங்கள் கிளைக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் வாய்விட்டு அறிக்கை சொல்வது. மூன்று மாதமாவது தகுதிகாண் காலம் முடிந்த பிறகே வாக்குறுதி. நம் அன்பியத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டில் பேர் இருந்தாலே உறுப்பினர், கேட்பாரும் இல்லை சொல்வாரும் இல்லை.

அங்கே காணிக்கை எடுக்கும் முறையும் அழகானது. ஒரு பை சுற்றி வரும். இருப்பவரும் இல்லாதவரும் அதற்குள் கைவிட்டு எடுப்பார்கள், யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. 1833இல் பாரிஸில் ஓசானாமும் தோழர்களும் ஏழைகளுக்கு உதவத் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையிலும் இப்படித்தான். மின்விசிறி இறக்கையில்கூட உபயதாரர் பெயர் எழுதும் நாம் இந்தப் பையை அன்பியத்துக்குள்ளும் கொண்டுவரலாம்.

பணம் என்றதும் சொல்ல வேண்டியது, அன்பியத்தைக் கெடுத்த முதல் எதிரி திருவிழா வரிதான். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பங்குப் பேரவையில் முடிவாகும், வசூலிக்கும் நோட்டு பொறுப்பாளர் கையில் வந்து சேரும். அன்றிலிருந்து அவர் வாசலில் நின்றால் வீட்டுக்காரர் உள்ளே இருந்தே "அவர் இல்லை" என்று சொல்லச் சொல்வார். வரி பாக்கி வைத்தவர் கூட்டத்துக்கு வரக் கூசுவார். அன்பியத்துக்குள் வட்டிக்கோ கைமாற்றாகவோ கடன் கொடுப்பதும் இதே கதை. பணம் திரும்பாத அன்றே அந்தக் குடும்பம் ஞாயிறு திருப்பலிக்கும் வேறு கோவிலைத் தேடிப் போய்விடும். கடனுக்கு மகளிர் குழு தனியாக இருக்கட்டும். பங்கின் பணத்துக்கு ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்று திருஅவைச் சட்டம் 537 சொல்கிறது. வசூல் அவர்கள் வேலை.

காபி, பலகாரம் சின்ன விஷயமாகத் தெரியும். முதல் வீட்டில் பிஸ்கட், அடுத்த வீட்டில் வடை, அதற்கடுத்து கேசரி என்று ஏறிக்கொண்டே போனால் ஓலை வீட்டுக்காரர் "எங்கள் வீட்டில் இடம் போதாது" என்று சொல்லிவிடுவார். தண்ணீர் மட்டும் என்று முதல் கூட்டத்திலேயே விதியாக்கிவிடுங்கள். அதில் இன்னொரு நன்மையும் உண்டு. நம் கிராமங்களில் தெரு என்பது பல நேரம் சாதி. தெருவாரியாக அன்பியம் பிரித்தால் சாதிவாரியாகவே பிரித்ததாகிவிடும், பிறகு அதற்கு எந்தப் புனிதர் பெயர் வைத்து என்ன? எல்லைக்கோடு இரண்டு தெருக்களை வெட்டிக்கொண்டு போக வேண்டும், கூட்டம் சுழற்சியில் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். ஒரு வீட்டில் எல்லாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்களா என்பதைப் பொறுப்பாளர் கண்ணால் பார்க்கலாம். இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மக்களின் மேம்பாட்டுக்காக வெளியிட்ட கொள்கை ஆவணம் பங்கு அலமாரியில் இருந்து வெளியே வர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

புகார் எழுந்தால் பயப்பட வேண்டாம். திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் விடுபட்டார்கள் என்ற முணுமுணுப்புதான் வருகிறது. திருத்தூதர்கள் ஒற்றுமை பற்றிச் சுற்றறிக்கை அனுப்பவில்லை, ஏழு பேரை நியமித்தார்கள். அந்த ஏழு பேருடைய பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதைக் கவனியுங்கள். குறை சொன்ன பக்கத்திடமே பொறுப்பு போயிருக்கிறது. தனிப்பட்ட தவறு என்றால் மத்தேயு 18 வரிசை தருகிறது: முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, கடைசியாகத்தான் சபை. நாம் நேராக வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடுகிறோம்.

தவக்காலத்தில் கூட்டாக எடுக்கும் உறுதிமொழிகளில் ஒன்றைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று "நாற்பது நாள் குடிக்கமாட்டேன்" என்று கூட்டத்தில் எழுந்து நிற்க வைப்பது தவறு. தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அவருக்கு முதலில் வேண்டியது மருத்துவர். அதன்பிறகு, 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொடங்கிய ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு) போன்ற குழுவை அறிமுகப்படுத்தலாம். பெயர் வெளியே சொல்லப்படாது என்பது அங்கே அடிப்படை. அன்பியம் செய்யக்கூடியது, அந்த வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பார்ப்பதும், ஈஸ்டர் அன்று மாலை அவரை ஒரு பாட்டிலோடு வாழ்த்த வரும் நண்பர்களுக்கு முன்பே வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வதும்தான்.

இனி பங்குத்தந்தையர். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு அன்பியத்துக்கும் வாருங்கள், வந்தால் பாயில் உட்காருங்கள், கடைசியாகப் பேசுங்கள், நீங்களும் இரண்டு நிமிடம். வருகைப் பதிவேட்டைக் கேட்காமல் முடிவு நோட்டைக் கேளுங்கள். பொறுப்பாளரை மூன்று ஆண்டுக்கு மேல் வைக்க வேண்டாம். மாறும்போது அந்த நோட்டும் சேர்ந்து மாறட்டும். இந்த ஆண்டுக் கொடியேற்றத்துக்கு முன் வரி நோட்டை அன்பியங்களிடமிருந்து வாங்கி நிதிக்குழுவிடம் ஒப்படைத்துவிடுங்கள். வசூல் கொஞ்சம் குறையும், தேர்ச் சோடனையில் இரண்டு வரிசை விளக்கைக் குறைத்தால் கணக்கு சரியாகிவிடும்.